ஊதிக் காட்டு

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. விட்டு ஒன்பது வருஷம் ஆன பிறகு, அறுபத்திரண்டு வயதில்தான் அந்தப் பெயர் எனக்கு வந்தது. அதையும் முதலில் சொன்னவள் என் மனைவி.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் நான் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். ஏணியில் ஏறிக் கேபினுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஷிப்ட் முடிகிறவரை கீழே இருக்கிற மனிதர்கள் எல்லாம் வெறும் மஞ்சள் ஹெல்மெட்தான். அந்த உயரத்தில் எனக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. குடி, பீடி எல்லாம் ஷிப்ட் முடிந்த பிறகுதான். ஏணியில் கால் வைக்கும்போது நான் சுத்தம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இன்னும் இருக்கிறது.

கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லோடையும் ஒரே மூச்சில் தூக்கக் கூடாது. அரை அடி தூக்கி நிறுத்த வேண்டும். கட்டு சரியாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, லோடு ஒரு பக்கம் சாய்கிறதா என்று கீழே நிற்கிற ஆள் பார்த்துக் கை காட்டுவான். அதற்குப் பிறகுதான் மேலே. அவசரக்குடுக்கைகள் அந்த அரை அடியில் நிறுத்த மாட்டார்கள். அவர்களை நான் மேலேயிருந்தபடியே திட்டியிருக்கிறேன்.

ரிட்டையர் ஆவதற்கு நாலைந்து வருஷம் முன்பு மனைவி என்னை இழுத்துக்கொண்டு போய், ஊத்துக்கோட்டை போகிற வழியில் இருக்கிற ஒரு முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்ட வைத்தாள். குடியை விடுகிறவர்கள் சாமி முன்னால் கட்டிக்கொள்கிற கயிறு. கட்டும்போது பூசாரி ஒரு எச்சரிக்கை சொன்னார்.

“கயித்தோட குடிச்சேன்னு வெய்யி, கட்டின கையே வெளங்காம பூடும். சாமி சும்மா உடாது.”

எனக்குச் சாமிமேல் இருந்த பயத்தைவிட என் மனைவிமேல் இருந்த பயம் அதிகம். அதனால் கயிறு நின்றது. சிவப்பாக இருந்தது வெளுத்து, நைந்து, வெறும் நூலாகி வலது மணிக்கட்டிலேயே கிடந்தது. ஒரு சொட்டு தொடவில்லை. ரிட்டையர் ஆன பிறகு தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்ன கம்பெனியில் பகல் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். மகள் கல்யாணமாகி ஆரம்பாக்கத்தில் இருந்தாள். வாழ்க்கை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போகிற மாதிரி பட்டென்று இல்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்லக் கறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் நான் கதவைப் பிடித்த லட்சணத்தை அவள் பார்த்துவிட்டாள்.

“இன்னாய்யா, காலங்காத்தாலயே தள்ளாடற?”

“தூக்கக் கலக்கம்மே.”

“எங்க, ஊதிக் காட்டு.”

ஒன்பது வருஷமாகக் கேட்காத வார்த்தை. முன்பெல்லாம் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வாள். பாக்கு, ஏலக்காய், கொய்யா இலை என்று நான் போடாத வேஷம் கிடையாது. அத்தனையும் தாண்டி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற மூக்கு அவளுடையது. ஊதினேன். பல்பொடி கூட இன்னும் போடாத வாய். முகத்தைச் சுளித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

அது தினமும் வர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் வரும். சாப்பிட்டுவிட்டு எழுந்தால் வரும். உட்கார்ந்திருக்கிறவரை நான் ராஜா. நின்றால் போச்சு. அவள் மூக்குக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால், இல்லை. “இப்பல்லாம் வாடையே வராத சரக்கு வந்துகீதாமே” என்று பக்கத்து வீட்டுக்காரி எவளோ சொல்லியிருக்கிறாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது.

கம்பெனி கேட்டிலும் மானம் போயிற்று. முதலாளி கார் வந்ததும் நாற்காலியை விட்டு விருட்டென்று எழுந்து சல்யூட் அடிக்கப் போனேன். அடித்தது சல்யூட் இல்லை, கம்பத்தில் தலையை. செக்யூரிட்டி ஆபீசர் சின்னப் பையன், என் மகள் வயதுகூட இருக்காது. வாயில் வைத்து ஊதுகிற மிஷினை எடுத்துக்கொண்டு வந்தான். லாரி டிரைவர்களுக்கு வைக்கிற மிஷின். ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை. மிஷினைக் கையில் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னான். அதற்கும் ஒன்றும் காட்டவில்லை. வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

“பெரியவரே, நீங்க உக்காந்துக்கினே டூட்டி பாருங்க, இன்னா” என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இருந்தாலும் அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். மிஷினே சாட்சி சொல்லிவிட்டதே. அவளிடம் சொன்னேன்.

“மிசினுக்கு இன்னா தெரியும்? அதுவாய்யா உன்னோட இத்தினி வருசம் குடித்தனம் பண்ணிச்சு?” என்றாள்.



அடுத்து நடந்ததுதான் அவளை முழுசாக நம்ப வைத்தது. சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. நழுவியது என்று சொல்வதுகூடத் தப்பு. என் கை டம்ளரைப் பிடித்திருக்கிறது என்கிற தகவலே எனக்கு வராமல் போய்விட்டது. கீழே டீ ஓடுகிறது. ‘துணி எடுத்துனு வா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘து’ கூட வரவில்லை. குழகுழவென்று ஏதோ வந்தது. துணி என்பது என்ன, எதற்கு, எல்லாம் உள்ளே தெரிகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் யாரோ எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம்தான். அவள் துணி எடுத்துவந்து டீயைத் துடைத்து முடிப்பதற்குள் கையும் வந்துவிட்டது, சொல்லும் வந்துவிட்டது. அவளோ துடைத்த துணியோடு தரையிலேயே உட்கார்ந்து என் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு கட்டின கை.

“சாமி காட்டிடுச்சுய்யா” என்று அழ ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் போனில், “நைனா, மொதல்ல டாக்டரப் பாரு” என்றாள். இவள் போனைப் பிடுங்கி, “டாக்டர் இன்னாடி சொல்லுவான்? குடிய உடுன்னுவான். அத்த நானே சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். நானும் வீம்புக்குப் போகவில்லை. நான் குடிக்கவில்லை என்று இவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் போகிறேன் என்று இருந்துவிட்டேன். கிழவனுக்கு இருக்க வேண்டிய புத்தி இல்லைதான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒயின் ஷாப்புக்கு எதிரே நின்றேன். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. ஊர் குடிகாரன் என்கிறது. கேட்டில் குடிகாரன் என்கிறார்கள். கட்டினவளும் சொல்லிவிட்டாள். கெட்ட பெயரை முழுசாக வாங்கிக்கொண்டு குடிக்காமல் மட்டும் இருப்பது என்ன பிழைப்பு? தொண்டை வறண்டது. அந்த ஆசை செத்துப் போனது என்று நினைத்திருந்தேன். தூங்கத்தான் தூங்கியிருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது சாமியும் இல்லை, வைராக்கியமும் இல்லை, டிராபிக்தான். லாரிக்குப் பின்னால் லாரி, ரோட்டைத் தாண்ட விடவில்லை. நின்று நின்று கண் இருட்ட ஆரம்பித்தது. அப்படியே ஓரமாக உட்கார்ந்தேன். சைக்கிளில் போன ஒருவன், “இன்னா பெருசு, இப்பவே ஃபுல்லா?” என்று கேட்டுவிட்டுப் போனான். இன்னும் ரோட்டையே தாண்டவில்லை, அதற்குள் ஃபுல்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் ஊதச் சொன்னாள். ஊதினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். பழைய கயிறு அறுந்ததாகக் கணக்காம், புதுசு கட்ட வேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டு போனதற்குக் காரணம் வேறு. சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன், அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று போனேன்.

பூசாரி என்னைவிட மூத்தவர், முதுகு வளைந்துவிட்டது. அவள் முறையிட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

“குட்ச்சியா?”

“இல்ல சாமி.”

“சரி, உழுந்து கும்புடு.”

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மண்ணில் முகம் வைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் தலை தெளிவாக இருந்தது. கோபம் மட்டும் கொதித்தது. இப்போது பார் என்று விருட்டென எழுந்தேன். சூடத்தட்டை நோக்கிக் கையை நீட்டினது ஞாபகம் இருக்கிறது. தட்டு தூரமாகப் போனது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் திறந்தபோது என் முகத்துக்கு மிக அருகில் அவள் முகம். அழுதுகொண்டே என் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்பாரி வைப்பாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை நினைத்தபோது கோபம் வரவில்லை. இவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடித்திருந்தால் கயிறு கட்டிச் சரி செய்துவிடலாம், அது அவளுக்குத் தெரிந்த வைத்தியம். குடிக்காமலே நான் விழுகிறேன் என்றால் அவள் கையில் ஒன்றுமில்லை.

“கயிறு கட்டு சாமி” என்றாள்.

பூசாரி என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “அவுக்காத கயித்துமேல இன்னொரு கயிறு கட்ட மாட்டேம்மா. எனக்கும் இப்டித்தான் சுத்துது. செவுத்தப் புட்ச்சிக்கினுதான் எழுந்திரிக்கிறேன். நான் குட்ச்சிட்டா பூச பண்றேன்? இட்டுக்கினு போ, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ.”

மகள் வந்து எங்களைத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா இளவயது. படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். நிற்க வைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பார்த்தார். படுத்தால் ஒரு அளவு, நின்றால் ஒரு அளவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் நான் தினமும் விழுந்துகொண்டிருந்தேன்.

“நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிடும். சின்ன வயசுல உடம்பு அதை உடனே மேல தள்ளிடும். வயசாக ஆக அது மெதுவாயிடுது. ரத்தக்குழாயும் விறைச்சுப் போயிடுது. மேல போய்ச் சேர்றவரைக்கும் மூளைக்கு ரத்தம் பத்தாது, அதான் இருட்டுது” என்றார். நான் சில வருஷமாகச் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையும், சிறுநீர் தடையில்லாமல் போகப் போட்ட மாத்திரையும் சேர்ந்து அதை இன்னும் இறக்கிவிட்டிருக்கிறதாம். அளவை மாற்றிக் கொடுத்தார்.

டம்ளர் விழுந்ததைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. அது வேறு என்றார். மூளையில் ஒரு இடத்துக்கு ரத்தம் நின்றுபோய், நல்லவேளையாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்கே, அந்த நிமிஷமே ஓடி வந்திருக்க வேண்டும். அடுத்த முறை திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. கை விழுந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் ஒரு நொடியும் உட்காராதீர்கள் என்றார். தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். ரத்தம் சரியாக எட்டாமல் போன இடங்களாம்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குள் இருப்பதுதான் நான், மற்றதெல்லாம் அதன் கீழே வேலை செய்கிற உடம்பு என்று நினைத்தே வாழ்ந்துவிட்டேன். கேபினில் உட்கார்ந்த பழக்கம். ஆனால் கரண்ட் வந்தால்தான் கேபினில் இருக்கிறவன் ஆபரேட்டர். வராவிட்டால் அவன் உயரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள், அவ்வளவுதான். கொஞ்ச நாளாக ஆட்கள் பெயர் சட்டென்று வராமல் தடுமாறுகிறேனே, சீட்டாட்டத்தில் போட்ட சீட்டு மறக்கிறதே, அதெல்லாம் இந்தப் புள்ளிகளில் எந்தப் புள்ளியோ என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “குட்ச்சதாலயா டாக்டரு?”

“இப்ப குடிச்சதால இல்லம்மா. அவர் குடிக்கலை. ஆனா முன்னாடி குடிச்சது, பீடி, பிரஷர் எல்லாம் சேர்ந்துதான் குழாயைக் கெடுத்திருக்கு.”

வீடு வந்து சேருகிறவரை இவள் இரண்டாவது பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் பாதி திருவள்ளூரிலேயே இறங்கிவிட்டது.

எழுந்து நிற்பதற்கு டாக்டரம்மா ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். படுக்கையிலிருந்து முதலில் உட்கார வேண்டும். காலைத் தொங்கப்போட்டுப் பாதத்தை ஆட்ட வேண்டும். கொஞ்சம் பொறுத்துத்தான் நிற்க வேண்டும். கேட்டதும் சிரித்துவிட்டேன். அரை அடி தூக்கி நிறுத்து! ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் அப்படித் தூக்கினவன், என்னை மட்டும் அவசரக்குடுக்கையாகத் தூக்கியிருக்கிறேன். இதை வீட்டில் சொன்னதும் அவள் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் சமையல்கட்டிலிருந்தே கையைக் காட்டுவாள், நில் என்று. பிறகு போ என்று. என் வாழ்நாளில் இவ்வளவு கண்டிப்பான ஆள் எனக்குக் கீழே நின்று கை காட்டியதில்லை.

தலைச்சுற்றல் குறைந்தது. மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தாள். ஊதச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ‘நீ குடிக்கலய்யா, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.’ எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒயின் ஷாப் எதிரே போய் நின்றதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அது வேறு வழக்காகிவிடும். அந்தச் சாயங்காலத்துக்கும் சேர்த்து அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்தது. அவள் நல்ல குழம்பு வைத்த நாளில்கூட, இதைச் செய்கிறவள் அதைச் சொல்லக் கூடாதா என்றுதான் தோன்றியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டு மடவை மீன் வந்திருந்தது. பின்பக்கம் குழாயடியில் அருவாமனை போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலில் படுத்தபடி, திறந்த கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். சட்டி சாய்ந்தது. ஒரு கை காற்றில் எதையோ தேடியது. எனக்குத் தெரிந்த கை அது. கதவைத் தேடுகிற கை. அருவாமனை அவள் காலடியில் நிமிர்ந்து நிற்கிறது.

“உக்காரு! அப்டியே உக்காருமே!” என்று கத்தினேன். நல்லவேளை, அவள் சுவரோரமாகச் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஓட வேண்டும். ஓடக் கூடாது. விருட்டென்று எழுந்தால் நானும் விழுவேன், இரண்டு பேரையும் தூக்க ஆள் இல்லை. எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தொங்கப்போட்டேன். பாதத்தை ஆட்டினேன். அவள் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கை காட்ட ஆளில்லை. அவ்வளவு நீளமான அரை அடி என் வாழ்க்கையிலேயே இல்லை. பிறகு நின்றேன், சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

முதலில் அருவாமனையைத் தள்ளி வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். தூக்கினாள், செதில் ஒட்டின கைகள். சிரிக்கச் சொன்னேன். “போய்யா” என்றாள். பேச்சு சரியாக இருந்தது, வாயும் கோணவில்லை. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். முகத்தில் மெல்ல மெல்லக் களை வந்தது. நாளைக்கே இவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஹா என்று ஊதினாள்.

“பாரு. குட்ச்சிக்கிறனா பாரு.”

“மீன் வாடதான் வருது” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“இவ்ளோ இருட்டாவாய்யா இருந்துச்சு உனக்கு? தெனமுமா?”

“ஆமாம்மே.”

ஈரக் கையை என் மணிக்கட்டில், அந்தக் கயிற்றுமேல் வைத்தாள். சட்டியிலிருந்து சரிந்த மீன்கள் தரையில் கிடந்தன. சுவர்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அவள் அதை விரட்ட எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், நில் என்று.